மணமுறிவுக்குப் பிறகு மகளின் இனிஷியலை மாற்ற முடியுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சேலம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். இரண்டு வருடத்துக்கு முன்பு பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கினோம். மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள், என்னோடுதான் இருக்கிறாள். அவள் அப்பா மறுமணம் செய்துகொண்டார். முதலில் மாதம் ஒருமுறை வந்து பார்த்தவர், இப்போது வருவதில்லை. பணமும் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. பள்ளியில் அப்பா பெயர் கேட்டால் குழந்தை அழுதுவிடுகிறாள். அவள் பெயருக்கு முன்னால் இருக்கும் 'செ' என்ற இனிஷியலை எடுத்துவிட்டு என் பெயரின் 'க' வைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழிலிருந்தும் அவர் பெயரை நீக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, "என் இனிஷியல் வேண்டாம் என்றால் என் பணமும் வேண்டாம்தானே" என்கிறார். என் அண்ணனோ, பேப்பரில் ஒரு விளம்பரம் கொடுத்தால் போதும், எங்கள் அப்பாவின் 'ப'வையே வைத்துவிடலாம் என்கிறார். கெஜட் வேலையை முடித்துத் தர ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது?

க., சேலம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். மகளின் இனிஷியலை மாற்றுவது ஒன்று. அவளுடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து அப்பாவின் பெயரை எடுப்பது இன்னொன்று. முதலாவது முடியும், கொஞ்சம் அலைச்சல்தான். இரண்டாவது முடியாது. முடிந்தாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதை முதலில் பேசிவிடுவோம்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-வது பிரிவு, ஒரு பதிவு தவறாக இருந்தாலோ, மோசடியாகவோ முறையில்லாமலோ செய்யப்பட்டிருந்தாலோ அதைத் திருத்தவோ ரத்து செய்யவோ பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் மகள் பிறந்த அன்று அவர்தான் அப்பா; இன்றும் அவர்தான். அந்தப் பதிவில் தவறு எதுவும் இல்லை. பிறகு நடந்த விவாகரத்தை வைத்து, அன்றைக்குச் சரியாக எழுதியதைத் தவறு என்று சொல்ல எந்தப் பதிவாளராலும் முடியாது. விவாகரத்து முறிப்பது உங்கள் இருவருடைய திருமணத்தை. அவருக்கும் மகளுக்கும் உள்ள உறவில் அது கை வைப்பதில்லை.

இது உங்கள் மகளுக்கு நல்லதும்கூட. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொத்தில் மகள் முதல் வகுப்பு வாரிசு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே தந்துவிட்டது, 2005-இல் மத்தியச் சட்டமும் தந்தது. இந்த உரிமை பிறப்பால் வருவது. இனிஷியல் எதுவாக இருந்தாலும் அது போகாது. ஆனால் கேட்கிற இடத்தில் நிரூபிக்கக் காகிதம் வேண்டும். நாளைக்கு அவர் காலமானால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் போடப்போவது யார்? இரண்டாவது குடும்பம். அவர்கள் விண்ணப்பத்தில் உங்கள் மகளின் பெயர் விடுபட்டுப் போவது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். அப்போது "நானும் அவர் மகள்" என்று காட்ட அவள் கையில் இருக்கப்போவது அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். உங்கள் கோபம் நியாயமானதாக இருக்கலாம். அதற்காக அவளுடைய ஆதாரத்தை நீங்களே அழிக்கக் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயருக்கு முன்னால் இனிஷியலே இருக்காது. உங்களிடம் இருப்பதை எடுத்துப் பாருங்கள். இனிஷியல் இல்லையென்றால் அதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்து, அவர் மிரட்டுகிற பணம். அது வெறும் பேச்சு. மைனர் குழந்தையைப் பராமரிக்கும் கடமை அவர் தகப்பன் என்பதால் வருகிறது. குழந்தை யாருடைய முதல் எழுத்தைப் பெயரில் வைத்திருக்கிறது என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இன் 20-வது பிரிவு அதைச் சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக இருக்கிறது. அதுவும் அதையே சொல்கிறது. தீர்ப்பிலேயே மாதத் தொகை எழுதியிருந்தால் பாக்கியை வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம். எழுதவில்லை என்றால் இப்போதுகூடக் கேட்கலாம். பணம் கேட்கிற மனுவையும் இனிஷியல் விஷயத்தையும் ஒரே நாளில் தாக்கல் செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பேரம் பேசுவார்கள்.

சரி, இனிஷியலுக்கு வருவோம். அதை மாற்றும் உரிமை யாருக்கு?

இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் 6-வது பிரிவு, மைனரின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்கிறது. இதன் பொருளைத்தான் 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் விரித்துச் சொன்னது. எழுத்தாளரான அவர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்கப் போனார். தாய் காப்பாளராகக் கையெழுத்துப் போட்டதை ஏற்க முடியாது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. 'தந்தைக்குப் பிறகு' என்றால் அவர் இறந்த பிறகு மட்டும் என்று கொள்ளக் கூடாது. தந்தை குழந்தையின் விஷயத்தில் அக்கறை காட்டாமல் ஒதுங்கியிருந்தாலோ, அவர் இல்லாத நிலையிலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு உதவக்கூடிய தீர்ப்பு இது. வந்து பார்ப்பதில்லை, பணமும் ஒழுங்காகத் தருவதில்லை என்கிறீர்கள். அதைச் சொல்வதோடு நிறுத்தாமல் காட்டவும் வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், நீங்கள் அனுப்பிய செய்திகள், பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இன்னொரு தீர்ப்பையும் யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 2022 ஜூலையில் வந்தது. குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டு குழந்தைக்குப் புதிய குடும்பத்தின் பெயரை வைத்தார். இறந்தவரின் பெற்றோர் பழைய பெயரே வேண்டும் என்றார்கள். எஞ்சியிருக்கும் ஒரே இயற்கைக் காப்பாளர் என்ற நிலையில்தான் அந்தத் தாய்க்கு அந்த உரிமையை நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் மகளின் அப்பா உயிரோடு இருக்கிறார். எனவே அந்தத் தீர்ப்பின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் வேலை நடக்காது. தந்தை உயிரோடு இருக்கும் வழக்கு வேண்டுமானால் 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்ததைச் சொல்லலாம். பிரிந்து வாழும் மனைவி மகளின் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார், ஆவணங்களில் என் பெயர்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தந்தை போனார். காப்பீட்டுப் பாலிசி பழைய பெயரில் இருக்கிறது, பணம் வாங்கச் சிக்கல் வரும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. என் பெயரை மட்டுமே பயன்படுத்து என்று ஆணையிட மகள் தந்தையின் உடைமை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் மனுவை முடித்துவைத்தது. அது டெல்லியின் தீர்ப்பு, நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும்.

இப்போது உங்கள் விவாகரத்துத் தீர்ப்பையும், அதோடு இணைத்த கூட்டு மனுவையும் எடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள். குழந்தை யார் பொறுப்பில் என்று என்ன வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள்? பெரும்பாலும் 'குழந்தை தாயின் பராமரிப்பில் இருக்கும், தந்தை மாதம் இத்தனை நாள் பார்க்கலாம்' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். பராமரிப்பில் இருப்பது வேறு, காப்பாளராக இருப்பது வேறு. குழந்தை உங்கள் வீட்டில் வளர்கிறது என்பதால் மட்டும் அவருடைய காப்பாளர் பொறுப்பு தானாகப் போய்விடாது. அதனால்தான் பெயர் மாற்றம், பாஸ்போர்ட் என்று போகிற இடமெல்லாம் "அப்பா கையெழுத்து எங்கே" என்று கேட்கிறார்கள். (இதைப் படிக்கிறவர்களில் இன்னும் விவாகரத்து வழக்கு முடியாதவர்கள் இருந்தால், தயவுசெய்து கூட்டு மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: குழந்தையின் பெயர், இனிஷியல், பள்ளி, பாஸ்போர்ட் ஆகியவற்றில் தாய் தனியாக முடிவெடுக்கலாம், தந்தைக்கு ஆட்சேபணை இல்லை என்று. எப்படியாவது முடிந்தால் போதும் என்று எல்லாரும் கையெழுத்துப் போடுகிற அந்த நாளில் இது சுலபம். இரண்டு வருடம் கழித்து இதே ஒரு வரிக்குத் தனி வழக்கு.)

முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் இதைவிட வேகமான வழி இல்லை. முத்திரைத்தாளில் நான்கு வரி போதும்: மகளின் பழைய பெயர், புதிய பெயர், ஆட்சேபணை இல்லை என்ற வாசகம், அவர் கையெழுத்து. நோட்டரி முன்னிலையில் போட்டால் நல்லது. கூடவே ஒரு வரி: "இந்த மாற்றத்தால் மகளின் பராமரிப்பு உரிமையோ வாரிசுரிமையோ பாதிக்கப்படாது." நேரில் பேச முடியாது என்றால் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்புங்கள். திட்டி எழுதாதீர்கள். அவர் பதில் போடவில்லை என்றாலும் அந்த ஒப்புகை அட்டை வீணாகாது. நீங்கள் கேட்டீர்கள், அவர் மௌனமாக இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

அவர் முழுக்க மறுத்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. இப்போது நிறையப் பேர் அம்மா, அப்பா இருவருடைய எழுத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். 'க.செ.' என்று போட்டால் அவருடைய எழுத்து போகவில்லை, உங்களுடையது வந்துவிட்டது. வீம்புக்கு மறுக்கிறவர்கள்கூட இதற்கு இறங்கி வருவார்கள். உங்களுக்கு இது அரைத் திருப்திதான். ஆனால் மகளைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு இது பிடித்துப்போகலாம்.

எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் குடும்ப நல நீதிமன்றம்தான். இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, விவாகரத்து முடிந்த பிறகும் மைனர் குழந்தைகளின் பராமரிப்பு, கல்வி பற்றி உத்தரவு கேட்டு மனுப்போட இடம் தருகிறது. முடிந்தவரை குழந்தையின் விருப்பத்தை ஒட்டியே அந்த உத்தரவு இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் 1890-இன் கீழ் மனுப்போடுவது இன்னொரு வழி. இந்துக்கள் அல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊரின் எல்லைக்குள் உள்ள நீதிமன்றத்தில் போட வேண்டும் என்பதால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. இரண்டில் எது என்பதை உங்கள் தீர்ப்பைப் பார்த்து வழக்கறிஞர் சொல்வார். அவரிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள். கோபத்தில், தந்தையைக் காப்பாளர் பொறுப்பிலிருந்தே நீக்க வேண்டும் என்று மனுவில் எழுத வேண்டாம். 1890 சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தந்தையோ தாயோ உயிரோடு இருக்கையில் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க, இருப்பவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருத வேண்டும். அந்தச் சண்டையை ஆரம்பித்தால் வருடக்கணக்கில் போகும். இனிஷியலை மாற்றவும் அதற்கான ஆவணங்களில் தாய் மட்டும் கையெழுத்திடவும் அனுமதி என்று சுருக்கமாகக் கேளுங்கள். அவர் நோட்டீஸ் வாங்கியும் வரவில்லை என்றால் அவர் இல்லாமலேயே உத்தரவு (எக்ஸ்பார்ட்டி) கிடைக்கும்.

நீதிபதி பார்க்கப்போவது குழந்தையின் நலனை மட்டும்தான். உங்களை அவர் எப்படி நடத்தினார் என்ற கதை விவாகரத்து வழக்கோடு முடிந்துவிட்டது. இங்கே அதைச் சொல்லிப் பயனில்லை. இந்த மாற்றத்தால் குழந்தைக்கு என்ன நன்மை, மாறாவிட்டால் என்ன சிரமம், அவள் அன்றாடம் யாரோடு வாழ்கிறாள், அப்பா வீட்டோடு உறவு எந்த அளவு இருக்கிறது, இவைதான் கேள்வி. ஒன்பது வயதுக் குழந்தையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேச வாய்ப்பு உண்டு. என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து அவளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். மனப்பாடம் செய்து வந்த பதில் எது என்று நீதிபதிக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதைவிட, அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னோம் என்ற நினைப்பு அவளுக்கு வளர்ந்த பிறகு வந்து உறுத்தும்.

இங்கே ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன். அப்பா பெயரைக் கேட்டால் அழுகிறாள் என்கிறீர்கள். இனிஷியல் மாறினால் அந்தக் கேள்வி நின்றுவிடுமா? 'க' என்று போட்டால் "இது யார் பெயர்" என்று கேட்பார்கள், அம்மா பெயர் என்றால் "அப்பா?" என்பார்கள். எனவே வழக்கு முடிகிறவரை காத்திருக்காமல் வகுப்பாசிரியரையும் தலைமை ஆசிரியரையும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எல்லார் முன்னாலும் அவளிடம் அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டாம், படிவம் எதுவானாலும் உங்களிடம் கொடுத்தனுப்பட்டும் என்று சொல்லுங்கள். இதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். அதன் பிறகும் அவளே "எனக்கு அம்மா இனிஷியல்தான் வேண்டும்" என்றால், உங்கள் மனுவுக்கு அதைவிட வலுவான காரணம் இல்லை.

அடுத்தது எந்த எழுத்து என்பது. அண்ணன் சொல்கிற 'ப' வேண்டாம். அது உங்கள் அப்பாவின் எழுத்து, உங்களுக்கு இனிஷியலாக இருப்பது. அதையே மகளுக்கும் வைத்தால், படிவத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும் தாத்தாவை அப்பா என்று எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் இது இன்னும் பெரிதாகும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அந்தக் கட்டத்தில் பலரும் இனிஷியலை விரித்து எழுதிவிடுகிறோம். தாத்தாவின் முழுப்பெயர் அங்கே ஏறி, பிறப்புச் சான்றிதழில் வேறொருவர் அப்பா என்று இருந்தால், வெளிநாட்டு விசா அதிகாரி முன்னால் உட்கார்ந்து இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டிவரும். உங்கள் பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழிலேயே தாய் என்ற இடத்தில் அது இருக்கிறது, கேள்விக்கே இடமில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இனிஷியலைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. ஒரு சான்றிதழில் 'க', இன்னொன்றில் 'கே' என்று இருந்தால் அதற்கும் ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும்.

சம்மதமோ உத்தரவோ கைக்கு வந்ததும் அரசிதழ், அதாவது கெஜட். அண்ணன் சொல்கிற பேப்பர் விளம்பரம் மட்டும் பிறகு எங்கும் செல்லாது. எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு அதற்கான படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மைனர் என்பதால் காப்பாளராக நீங்கள் கையெழுத்திடுவீர்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், சம்மதப் பத்திரம் அல்லது நீதிமன்ற உத்தரவு மூன்றையும் இணையுங்கள். அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளிவரும். 'என் மகள் இன்னார், இன்ன தேதியில் பிறந்தவர், இன்ன முகவரியில் வசிப்பவர், இனி இன்ன பெயரில் அறியப்படுவார்' என்ற பாணியில் சில வரிகள் அதில் வரும். அந்தப் பகுதியிலேயே ஒரு குறிப்பும் இருக்கும்: இந்தப் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏற்காது, விளைவுகளுக்கு அறிவிப்புக் கொடுத்தவரே பொறுப்பு என்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. கெஜட்டில் வந்துவிட்டதால் மட்டும் அந்த மாற்றம் அசைக்க முடியாததாக ஆகிவிடாது. அப்பாவின் சம்மதமும் இல்லாமல், நீதிமன்ற உத்தரவும் இல்லாமல், எப்படியோ அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் எதிர்த்து வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், 25,000 வாங்கியவர் இல்லை. அதனால்தான் முதலில் சம்மதம் அல்லது உத்தரவு, பிறகு கெஜட் என்கிறேன்.

கெஜட் வந்த பிறகு ஆதார். வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயரை மாற்ற முடியும் என்பதால், எழுத்துப் பிழை இல்லாமல் ஒரே தடவையில் செய்யுங்கள். ஆதாரையும் கெஜட்டையும் வைத்துப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு, எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான பள்ளிக்கல்வித் துறையின் இணையதளம்) இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால் கேட்கட்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் கெடு. மதிப்பெண் சான்றிதழ் பழைய பெயரில் வந்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. கல்லூரி, வேலை என்று போகிற இடமெல்லாம் கெஜட் நகலைக் கூடவே கொண்டுபோக வேண்டியிருக்கும். மகள் நான்காம் வகுப்பு என்பதால் அவசரம் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்புக்குப் போகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள்.

பாஸ்போர்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2016 டிசம்பர் முதல் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தால் போதும். இன்னொருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் கொடுக்க வேண்டிய உறுதிமொழிக்கென்று தனிப் படிவமும் உண்டு. பான் கார்டிலும் 2018 டிசம்பர் முதல், தாய் தனியாக வளர்க்கும் பிள்ளை என்றால் அப்பா பெயர் கட்டாயம் இல்லை.

செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா? இருந்தால் பாஸ் புத்தகத்தில் காப்பாளர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அப்பாதான் தொடங்கியிருப்பார். இனிஷியலை மாற்றினால் கணக்கில் குழந்தையின் பெயர் மாறுமே தவிர காப்பாளர் மாறமாட்டார். ஒரு பெண் குழந்தைக்கு ஒரு கணக்குதான் என்பதால் நீங்கள் புதிதாக இன்னொன்று தொடங்கவும் முடியாது. நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால் இந்தக் கணக்கின் காப்பாளர் மாற்றத்தையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று நிறைய வாசகிகள் கேட்கிறார்கள் என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கணவரின் இனிஷியலை வைப்பதற்கும் இதே நடைமுறைதான். தத்தெடுப்பு வேறு. அதற்குப் பெற்ற தகப்பனின் சம்மதம் வேண்டும். சட்டப்படி தத்து முடிந்தால் அவருடைய சொத்தில் வாரிசாகும் உரிமையையும் குழந்தை இழக்கும். இனிஷியலுக்காக மட்டும் யாரும் தத்தெடுப்பு வரை போக வேண்டியதில்லை.

நீதிமன்றம் மறுத்துவிட்டால்? 18 வயது ஆனதும் அவளே கையெழுத்திட்டுக் கெஜட்டில் மாற்றிக்கொள்ளலாம். அப்போது அப்பாவையோ உங்களையோ யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக அந்த 25,000 ரூபாய். கெஜட் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பலாம், அரசுக் கட்டணம் அதில் மிகச் சிறிய தொகை. நீங்களே நிரப்ப முடியாது என்று தோன்றினால் இ-சேவை மையத்திலோ வழக்கறிஞரின் குமாஸ்தாவிடமோ உதவி கேளுங்கள். நீதிமன்ற மனுவுக்கும் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டைகள், அவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், ஒப்புகை அட்டை இவற்றைக் கொண்டுபோங்கள். கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் முதலில் அதை அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு மாதம் பொறுத்திருந்து அப்புறம் போங்கள்.